இரண்டு விரல் அகல நன்றி

அத்தியாயம் பதினான்கு

போன அத்தியாயத்தில் மாமனாரைப் பித்தப்பைக் கல்லோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். கல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மாமனாரும் தெம்பாகத்தான் இருக்கிறார். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். படுத்த இடத்திலிருந்தே ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் சத்தத்தைக் கேட்டு, மூன்றாவது மாடியில் இழுக்கிறது, கயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று நர்சிடம் புகார் கொடுத்துவிட்டாராம். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டதாகக் கேள்வி.

இன்று பதினோரு மணிக்கு ஆபரேஷன். மகன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன். இந்த நேரத்தில் எந்தக் கடலில் இருக்கிறான் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே முழுப் பொறுப்பும் இரண்டு பெண்கள் தலையில் விழுந்தது. ஒருத்தி மருமகள். அதே ஆஸ்பத்திரியின் லேப்பில் வேலை பார்க்கிறாள். இன்னொருத்தி மாமனாரின் மூத்த மகள், மருமகளுக்கு நாத்தனார், தனிக்கட்டையாக அதே வீட்டில் இருக்கிறவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள்.

பயிற்சிக் காரில் சொல்லிக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, பதினைந்து வருடமாக அதை மிதித்து மிதித்து நாத்தனாரின் காலுக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. யாராவது அவசரப்பட்டுப் பேசினால் தரையை மிதிப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் கால்தான் போகும், கை அப்புறம்தான்.

மருமகளுக்கு லேப்பில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'ஒரே குத்து.' ஒன்பது வருடம் ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவள். எப்பேர்ப்பட்ட கையாக இருந்தாலும் நரம்பைக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே குத்து அக்கா இருக்கிறார்களா, இருந்தால் உட்காருகிறோம், இல்லாவிட்டால் நாளைக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் உண்டு.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெயருக்குக் கண் பட்டது. ஆறு வயதுப் பெண் குழந்தை. நான்கு முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. குழந்தை அழுது அழுது மூச்சுத் திணற, அதன் அம்மா லேப் முழுவதும் கேட்கும்படி கேட்ட கேள்விகளை நாம் ஏழாவது அத்தியாயத்திலேயே கேட்டுவிட்டோம், திரும்பவும் வேண்டாம். அன்று நடுங்க ஆரம்பித்த கை அதற்குப் பிறகு ஊசியைக் கண்டாலே நடுங்கியது. அவளாகவே போய் லேபிள் மேசைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

லேபிள் மேசையில் ஊசி கிடையாது. வார்டுகளிலிருந்து வரும் ரத்தக் குழாய்களில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் மெஷினில் காட்டி, பதிவு செய்து, உள்ளே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. மாற்றம் தற்காலிகம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தற்காலிகம் இன்று நண்பகலோடு முடிகிறது.

காலையில் அவள் வந்து உட்கார்ந்தபோது லேப் பொறுப்பாளர் அம்மா ஒரு படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போட்டால் லேபிள் மேசை நிரந்தரம். நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும், ஊசி இனி இல்லை. போடாவிட்டால் இன்றைக்கே நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடு, வெளியே ஆள் காத்திருக்கிறது என்றார். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் பேச்சில் ஒளிவுமறைவு இருக்காது.

மருமகளுக்கு நாற்காலி வேண்டும். உள்ளூர அவ்வளவு ஆசையாக வேண்டும். ஆனால் பேனாவை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்துவிட்டாள். ஆசை ஒரு பக்கம் இழுத்தால் பயம் மறுபக்கம் இழுத்தது, பயத்துக்குத்தான் பலம் கூடுதலாக இருந்தது.

இங்கே அந்த ஸ்டிக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லேபிள் சுருள் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும்போது முதல் நாலைந்து ஸ்டிக்கர்கள் அச்சாகாமல் வெறுமையாக வரும். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். எல்லோரும் அவற்றைக் குப்பையில் போடுவார்கள். மாற்றலாகி வந்த மூன்றாம் நாள், அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கைக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்று ஒரு வெற்று ஸ்டிக்கரில் பேனாவால் ஒரு ஊக்கை வரைந்தாள். காலையில் கைப்பை வார் அறுந்தபோது மானத்தைக் காப்பாற்றிய ஊக்கு. வரைந்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் கை நடுங்கவில்லை என்பது முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளும் வரைந்தாள். அதற்கு மறுநாளும். நாளுக்கு ஒன்று, ஐந்து நிமிடம், அன்றைக்கு அவளுக்கு நல்லது செய்த ஏதாவது ஒன்று. ஈரத்தில் வழுக்காத செருப்பு. முதல் தடவையிலேயே சரியாக மூடிக்கொண்ட டப்பா மூடி. பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்த யாரோ ஒருவருடைய முழங்கை. இப்படி இதுவரை நூற்றுப் பதினெட்டு. ஆரம்பத்தில் நன்றி சொல்ல ஒரு விஷயத்தைத் தேடிப் பிடிக்கவே பாதி நாள் ஆகும். இப்போதெல்லாம் எதை விடுவது என்பதுதான் பிரச்சினை. தூக்கம் திரும்பி வந்திருந்தது. சமைக்கும்போது தன்னை அறியாமல் பாடவும் ஆரம்பித்திருந்தாள்.

எல்லாவற்றையும் வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். நாத்தனார் ஒருநாள் துண்டு எடுக்கத் திறந்தவள், நின்று பார்த்துவிட்டு, "என்ன இது, கதவுக்கு அம்மை போட்ட மாதிரி?" என்று கேட்டுவிட்டு மூடினாள். குழந்தைகள் செய்கிற வேலை என்பது அவள் தீர்மானம். கை நடுங்கினால் கையைப் பழக்க வேண்டும், செருப்பை வரைந்து என்ன ஆகப் போகிறது?

சரி, இன்றைய கதைக்கு வருவோம்.

எட்டே முக்காலுக்கு மூன்றாவது மாடி வார்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. அதில் மூன்று குழாய்கள். முதல் இரண்டையும் காட்டினாள், மெஷின் ஏற்றுக்கொண்டது. திரையில் மாமனாரின் பெயர் வந்தது. காலையிலேயே ரத்தம் எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு நிம்மதி. மூன்றாவது குழாயைக் காட்டினாள். மெஷின் கத்தியது. துடைத்துவிட்டுக் காட்டினாள், மறுபடி கத்தியது. எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

குழாயில் பெயர் இல்லை, எண் இல்லை. பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் தடிமனும் மெல்லிசுமாகச் செங்குத்துக் கோடுகள். அவை அவள் கையால் வரைந்தவை. நேற்றைய படம். வீட்டு வாசலின் இரும்புக் கேட்.

அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இரண்டுமே சரியாக வரவில்லை. நடந்தது என்னவென்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. காலையில் நாத்தனாரிடம் கொடுத்தனுப்பிய, மாமனாரின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் ஃபைலில்தான் நேற்றைய ஸ்டிக்கரையும் வைத்திருந்தாள். மூன்றாவது குழாய்க்கு லேபிள் ஃபைலில் இருக்கிறது, ஒட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருப்பார். நாத்தனார் மூக்குக் கண்ணாடியை வழக்கம்போல் காரிலேயே விட்டுவிட்டு வந்திருப்பாள். கோடு கோடாக இருந்ததை எடுத்து, நன்றாக அழுத்தித் தேய்த்து ஒட்டியிருக்கிறாள்.

மூன்றாவது குழாய்தான் முக்கியமானது. ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் எந்த ரத்தம் பொருந்தும் என்று பார்ப்பதற்கான குழாய். அது இல்லாமல் தியேட்டருக்குள் எடுக்க மாட்டார்கள். இன்றைக்குத் தவறினால் டாக்டர் வெளியூர் போகிறார், திரும்ப பன்னிரண்டு நாள் ஆகும். கல் அதுவரை சும்மா இருக்காது என்று ஸ்கேன் எடுத்தவர் சொல்லியிருந்தார்.

அச்சு மெஷின் பக்கத்திலேயே இருந்தது. பெயரைத் தட்டி, புது லேபிளை எடுத்து, கேட்டின் மேல் ஒட்டிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. இது மாமனாரின் ரத்தம் என்று இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

ஆனால் பெயரில்லாமல் வந்த குழாய்க்கு மேசையில் உட்கார்ந்து பெயர் வைக்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விதி அது. 'எனக்குத் தெரியும்' என்று ஒருவர் ஒட்டிய லேபிளால் மாறிப்போன ரத்தம் ஆளையே கொன்றுவிடும். அடுத்த வீட்டு ஆளுக்கு ஒரு விதி, தன் வீட்டு ஆளுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. பதிவேட்டில் 'பெயர் இல்லை, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு எழுந்து மூன்றாவது மாடிக்கு ஓடினாள்.

அங்கே நிலைமை அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் நர்ஸ் மறுபடி ஊசியும் கையுமாக வந்தார். காலையிலேயே மூன்று குத்துக்குப் பிறகுதான் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை குத்தினார். வரவில்லை. டியூட்டி டாக்டர் வந்து ஒரு முறை குத்தினார். அதுவும் வரவில்லை. நேற்று முதல் பட்டினி. உடம்பில் ஈரம் குறைந்து நரம்புகள் எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டிருந்தன. இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு, லிஃப்ட்டைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தார்.

மணி ஒன்பதே கால். பத்துக்குள் ரத்தம் கீழே போக வேண்டும். கழுத்தில் பெரிய ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மயக்க டாக்டர் வர வேண்டும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார்.

நாத்தனார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். தன் கையால் ஒட்டிய ஸ்டிக்கர்தான் காரணம் என்று தெரிந்ததும் முகம் கறுத்துப் போயிருந்தது. குற்ற உணர்ச்சி அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஆஸ்பத்திரிக் காகிதத்தோட யாராவது படத்தை வைப்பாங்களா?"

"வச்சது என் தப்புதான், அண்ணி."

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இத்தனை பேர் குத்தியாச்சு. நம்ம வீட்டுலயே ஒரு ஆளு இருக்கே, அதைக் கேட்கலாமில்ல?"

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். நாத்தனாரின் கால் தரையை மிதித்தது. வேண்டாம்ப்பா, அவள் ஊசி எடுத்தே நான்கு மாதம் ஆகிறது, கை நடுங்கும், ஏற்கெனவே ஆறு குத்து வாங்கியிருக்கிறாய் என்று மடமடவென்று சொன்னாள். அத்தனையும் உண்மைதான். தலைமை நர்ஸ் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். ஒன்பது வருடம் இவருடைய வார்டில் யாருக்கு நரம்பு கிடைக்காவிட்டாலும் இந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். தட்டை அவள் கையில் கொடுத்தார்.

"உனக்கு முடியும்னா எடு. முடியாதுன்னா சொல்லிடு, நான் டாக்டரைக் கூப்பிடுறேன்."

மருமகள் ஊசியை எடுத்தாள். கை நடுங்கியது. எல்லோரும் பார்க்கும்படியாகவே நடுங்கியது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். வெந்நீரில் நனைத்த துணி ஒன்று கேட்டு வாங்கி மாமனாரின் இடது கையைச் சுற்றிவிட்டு, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொன்னாள். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு வெற்று ஸ்டிக்கரையும் எடுத்தாள்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சிஸ்டர்."

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றாள் நாத்தனார்.

"கையை வரையப் போறேன்."

டியூட்டி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைமை நர்ஸ், துணி சூடேற எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும், வரையட்டும் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நூற்றுப் பதினெட்டுப் படங்கள் வரைந்ததில் மருமகள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நமக்குத் தெரிந்ததை வரைந்தால் படம் பொய்யாக வரும். தண்ணீர்க் குழாய் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வரைந்த குழாய்கள் எல்லாம் கோணிக்கொண்டு நின்றன. எதிரில் இருக்கிற குழாயை, முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்து வரைந்த பிறகுதான் அவளுடைய படத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

துணியை எடுத்துவிட்டு மாமனாரின் கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கோடு. தசை இறங்கி மணிக்கட்டில் குறுகுகிற இடம். அங்கே ஒரு பழைய தீக்காயத் தழும்பு. லிஃப்ட் மோட்டார் சுட்டதாக இருக்கும். தழும்பைத் தாண்டிக் கட்டைவிரல் பக்கமாகக் கோட்டை இழுத்துக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் கோட்டை இம்மி வெளியே வளைத்தாள். கை அங்கே அப்படி இருந்தது, ஆகவே பேனாவும் அப்படிப் போனது. வளைத்த பிறகுதான், ஏன் வளைத்தோம் என்று நிறுத்திப் பார்த்தாள்.

தோலுக்கு அடியில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, கையின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மேடு. நிறம் இல்லை. நீலம் என்று சொல்வதற்குக்கூட இல்லை. விரலை வைத்தாள். அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழுந்தது. எல்லோரும் முழங்கை மடிப்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். இது இந்தப் பக்கம், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில், சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது.

பேனாவை வைத்துவிட்டு ரப்பர் பட்டையைக் கட்டினாள். சின்னக் குழந்தைகளுக்குப் போடுகிற மெல்லிய ஊசியை எடுத்துக்கொண்டாள்.

மாமனார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அப்படி என்ன படம்மா அது, என் ரத்தத்தைக் குப்பைக்கு அனுப்பினது?"

"நம்ம வீட்டுக் கேட், மாமா."

"கேட்டா? அதுல வரையறதுக்கு என்ன இருக்கு?"

"நாலு மாசமா அந்தக் கேட் கத்துறப்பல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடும். அந்தக் குழந்தை கத்தின மாதிரியே இருக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல. நேத்து நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, வயித்து வலியோட குனிஞ்சு உக்காந்து எண்ணெய் போட்டீங்க. சாயங்காலம் நான் போய்த் திறந்தேன், சத்தமே வரல. அதனால வரைஞ்சேன்."

மாமனாரின் மூடிய கண்ணோரத்தில் ஈரம் தெரிந்தது. இறுகிப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து விரிந்தன. பிறகு, நடுங்குகிறது என்று பயப்படாதே, இன்னும் நாலு குத்துக்கூடத் தாங்குவேன், நீ எப்போது வேண்டுமானாலும் ஆரம்பி என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"முடிஞ்சிருச்சு, மாமா."

மாமனார் கண்ணைத் திறந்து பார்த்தார். குழாய் கழுத்து வரை நிறைந்திருந்தது. மருமகள் பட்டையை அவிழ்த்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கை, அலமாரிக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டுகிற கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

தலைமை நர்ஸ் மெதுவாக, "ஒரே குத்து" என்றார். பாராட்டாகச் சொல்லவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான்கு மாதமாக யாரும் கூப்பிடாத பேர் அது. மருமகளுக்கு அந்த வராந்தா முழுவதும் கேட்கும்படி ஒரு முறை கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. கட்டிலருகிலேயே நின்று லேபிளை ஒட்டினாள். மாமனாரைப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தாள். நாத்தனார் இதற்குள் ஓட்டமாகப் போய்க் காரிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்துவிட்டாள். லேபிளை ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை வாய்விட்டுப் படித்தாள். நான்காவது முறை படிக்க விடாமல் மருமகள் குழாயைப் பிடுங்கிக்கொண்டு படி வழியாக ஓடினாள். லிஃப்ட்டை நம்பத் தயாராக இல்லை, அதுதான் மூன்றாவது மாடியில் இழுக்கிறதாமே.

பத்தே முக்காலுக்குப் பொருத்தம் பார்த்து முடித்தார்கள். பதினோரு மணிக்குச் சொன்னபடி மாமனாரை உள்ளே கொண்டு போனார்கள்.

பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது மருமகள் பொறுப்பாளர் அம்மாவின் அறைக்குள் போய்ப் படிவத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"நல்லா யோசிச்சியா?"

"யோசிக்கல மேடம். பார்த்தேன்."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. ஆனால் நிராகரிப்புப் பதிவேடு அவர் மேசையில் விரிந்து கிடந்தது. சொந்த மாமனாரின் குழாயை நிராகரித்து எழுதிய வரியின் கீழ் அவர் விரல் இருந்தது. படிவத்தை நான்காக மடித்துக் கிழித்தார். மாமனார் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் நேராக வந்து உட்கார், வெளியே கூட்டம் என்றார். அவர் உதட்டோரத்தில் ஏதோ அசைந்ததாக மருமகள் சத்தியம் செய்கிறாள். நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வெளியே வந்தார். கல் மூன்று, மூன்றும் வெளியே, ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை என்றார். நாத்தனார் பக்கத்தில் நின்ற மருமகளின் கையைப் பிடித்தவள் வெகு நேரம் விடவில்லை.

ஒரு மணிக்கு மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து மணி வரை இருபத்து மூன்று பேர். ஊசியை எடுக்கும் முன் ஒவ்வொரு கையையும் வரையப் போவதுபோல் ஒரு முறை முழுதாகப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பதாவதாக வந்தது ஐந்து வயதுப் பெண் குழந்தை. அதைக் கண்டதும் அவளுக்கு அந்த ஆறு வயதுக் குழந்தை நினைவுக்கு வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பார்த்தாள். பார்த்து எடுத்தாள். அழத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்த குழந்தை, முடிந்துவிட்டது என்றதும் ஏமாந்துபோய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று குத்து. கைப்பையை எடுத்துக்கொண்டு மேலே போகும்போது அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

வார்டில் மாமனார் அரைத் தூக்கத்தில் இருந்தார். எடுத்த கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டு மேசை மேல் வைத்திருந்தார்கள். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புட்டியின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் புட்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் வரச் சொன்னாள்.

"ஒரு ஸ்டிக்கர் இருந்தா குடு. வெறும் ஸ்டிக்கர்."

மருமகள் கேள்வி கேட்காமல் ஸ்டிக்கரையும் பேனாவையும் கொடுத்தாள். நாத்தனார் ஜன்னலோரம் போய் நாக்கைக் கடித்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். ஒரு முறை அடித்தாள், கோட்டை மாற்றினாள், ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். ஐந்து நிமிடமும் அவள் கால் தரையை மிதிக்கவில்லை. இப்படி ஒரு அமைதியை அந்த முகத்தில் மருமகள் பார்த்ததே கிடையாது. முடித்ததும் நீட்டினாள்.

ஒரு ஹெல்மெட். பக்கவாட்டில் ஒரு கீறலோடு, ஆண்கள் போடுகிற பெரிய ஹெல்மெட்.

"யாருது அண்ணி?"

நாத்தனார் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், டெஸ்ட்டில் மூன்று முறை ஃபெயில், மூன்று முறையும் வேண்டுமென்றே ஃபெயிலானாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றாள். காலையில், அப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டால் நான் தருகிறேன் என்று வந்து நின்றாராம். போகச் சொல்லிவிட்டாளாம். இப்போது மறுபடியும் வந்து வாசலில் நிற்கிறாராம். இரண்டு வருடமாக வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்று சொல்லும்போது, பயப்படாதே என்று பதினைந்து வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளின் கால் தரையை மிதித்தது.

மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே மரத்தடியில் ஒரு மனிதர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே பார்க்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். அவள் அந்த ஸ்டிக்கரை நாத்தனாரின் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள்.

"ரத்தம் குடுக்கணும்னா முதல்ல அவருக்கு டெஸ்ட் எடுக்கணும், அண்ணி. இந்த ஆஸ்பத்திரில நாளைக்கு வேற யாருக்காவது தேவைப்படும். மேல கூட்டிட்டு வாங்க. நானே எடுக்கிறேன்."

கட்டிலில் மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் படுத்த இடத்திலிருந்தே லிஃப்ட்டின் கோளாறைக் கேட்கிற காது அது.

"யாரைம்மா மேல கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டார்.